600 ரூபாய்க்கு ஒரு போர் ஓட்டெடுப்பு: முத்தியால்பேட்டை வகுப்பு எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது யு.பி.எஸ்.சி. எழுதுகிறவர்களுக்கான முழுநேரக் கோச்சிங் இல்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில், ஆறு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்திலிருந்து ஒன்று வரை நடக்கிற உலக அரசியல் வகுப்பு. மொத்த ஃபீஸ் 600 ரூபாய். நடத்துகிற சார் ரிட்டையர்டு ஆசிரியர், விளம்பரம் பிடிக்காதவர், பேர் போடாதே என்று சொல்லிவிட்டதால் போடவில்லை. மணிக்கூண்டு பக்கம் விசாரித்தால் யாராவது மாடிப்படியைக் காட்டுவார்கள்.

முதல் மூன்று வகுப்பும் சுமார். ஐ.நா. சபை, வல்லரசுகள், எண்ணெய் என்று எங்கேயும் கிடைக்கிற விஷயம்தான், அதையும் சார் நோட்ஸைப் பார்த்துப் படித்துக்கொண்டே போனார். ஜெராக்ஸ் வேறு பாதி எழுத்து தெரியவில்லை. நான்காவது ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அன்றைக்குப் போனதும் நோட்ஸ் இல்லை, ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. மொத்தம் 24 பேர். சீட்டில் உங்கள் கட்சி, தொகுதி எப்படிப்பட்டது, அடுத்த தேர்தலுக்கு எத்தனை மாதம், தொகுதியில் ராணுவக் குடும்பங்கள் எத்தனை, கட்சித் தலைவரோடு உங்களுக்குச் சுமுகமா சண்டையா, இவ்வளவுதான். எங்கேயோ ஒரு நாட்டில் அரசே சொந்த ஜனங்கள் மேல் விஷவாயு வீசிவிட்டது, நம் பிரதமர் குண்டு போட நினைக்கிறார், சபையில் ஒப்புதல் வாங்க 40 நிமிஷம். லாஸ்பேட்டையிலிருந்து வருகிற ஒரு தம்பி பிரதமர், நான் கொறடா.

தலை எண்ணுவதைப் பாண்டிக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? 30 பேர் ஜெயித்து வருகிற சட்டசபை, மூன்று நியமன உறுப்பினர் ஓட்டுப் போடலாமா கூடாதா என்று ஊரே பேசி, 2021 பிப்ரவரி 22 அன்று நாராயணசாமி ஆட்சி நம்பிக்கை ஓட்டில் போனதைப் பார்த்தவர்கள் நாம். அந்தத் தெம்பில் கரண்ட் பில்லின் பின்பக்கம் கோடு கிழித்து எண்ண ஆரம்பித்தேன். எங்கள் கட்சியிலேயே நாலு பேர் நழுவினார்கள். மருந்துக்கடையில் வேலை செய்கிற ஒரு அக்கா, அவருக்கு ஆறு மாதத்தில் தேர்தல், என்னிடம் கேட்டார்: “எனக்கு என்ன கிடைக்கும்னு கேட்கல தம்பி. நாளைக்கு இது தப்பாப் போச்சுன்னா உங்க பிரதமர் என் தொகுதிக்கு வந்து பதில் சொல்வாரா?” எனக்குப் பதில் வரவில்லை. எதிர்க்கட்சிக்காரர்களை இழுக்கலாம் என்று போனால், அவர்கள் பக்கம் நியாயமே வேறு: ஆமாம் என்றால் ஜெயித்த பெயர் உங்களுக்கு, இல்லை என்றால் கோழை என்ற பெயர் எங்களுக்கு, நாங்கள் ஏன் உங்கள் வலையில் விழ வேண்டும் என்கிறார்கள்.

ஓட்டு எடுத்தோம். 11க்கு 12, தோற்றோம். எங்கள் ஆள் ஒருத்தர், பைக் அடுத்த வீட்டு கேட்டை மறைக்கிறது என்று கூப்பிட்டதால் கீழே போயிருந்தார், அவர் இருந்திருந்தால் சமம். சார் விழுந்து விழுந்து சிரித்தார். ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது.

2013 ஆகஸ்ட் 29, பிரிட்டன். சிரியாவில் விஷவாயு தாக்குதல் நடந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. விடுமுறையில் இருந்த நாடாளுமன்றத்தைப் பிரதமர் டேவிட் கேமரூன் அவசரமாகக் கூட்டினார், 272க்கு 285 என்று 13 ஓட்டில் தோற்றார். சொந்தக் கட்சியிலேயே 30 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். இரண்டு மந்திரிகள் பக்கத்து அறையில் பேசிக்கொண்டிருந்ததில் ஓட்டு மணி காதில் விழாமல் கோட்டை விட்டார்கள். எங்கள் பைக் கதைக்கு இது எவ்வளவோ மேல்.

அடுத்த நாள் சாயங்காலம் ஒபாமா தன் தலைமை அதிகாரியோடு வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் நடந்தபடி பேசுகிறார், மறுநாள் 31ஆம் தேதி காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஒப்புதலைக் கேட்கப்போவதாக அறிவிக்கிறார். எங்கள் பிரதமர் தம்பி இந்த இடத்தில் நல்ல கேள்வி கேட்டான்: “சார், இல்லைன்னு சொல்லிட்டா போகக் கூடாதா?” ஒபாமா அதற்கு முன்கூட்டியே கதவைத் திறந்து வைத்திருந்தார், காங்கிரஸ் இல்லாமலும் தாக்க எனக்கு அதிகாரம் உண்டு என்பதுதான் அவர் நிலை. 2011இல் லிபியாவில் குண்டு போட்டபோது கேட்கவே இல்லை, காங்கிரஸ் ஒப்புதல் இல்லாமல் சண்டையில் இருக்க 1973 சட்டம் விடுகிற 60 நாள் தாண்டியதும், இது அந்தச் சட்டம் சொல்கிற சண்டையே இல்லை என்று வெள்ளை மாளிகை வாதாடியது. அப்படிப்பட்டவர் 2013இல் ஏன் கேட்டார்? மக்கள் ஆதரவு இல்லை, பிரிட்டன் கைவிட்டாச்சு, போகவில்லை என்றால் ரசாயன ஆயுதத்தைத் தொட்டால் சும்மா இருக்க மாட்டேன் என்று அவரே முந்தைய வருடம் கிழித்த கோடு அழிந்துபோகும், போனால் பழி முழுக்க அவர் தலையில். கேட்டால், எப்போதும் எங்களைக் கேட்கவில்லை என்று கத்துகிறவர்களும் பழியில் கூட்டு. அவசரம் என்று சபையை உடனே கூட்டவும் இல்லை, செப்டம்பர் 9 வரை விடுமுறை ஓடட்டும் என்று விட்டார். காங்கிரஸின் மேல்சபையான செனட்டின் குழுவில் 10க்கு 7 என்று தேறியது. முழு ஓட்டு வந்தால் தோற்கும் நிலைமை, அதற்குள் ரஷ்யா ரசாயன ஆயுதங்களை ஒப்படைக்க வைக்கிறேன் என்று வர, செப்டம்பர் 10 அன்று ஓட்டைத் தள்ளிப்போடச் சொன்னார். அந்த ஓட்டு நடக்கவே இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது அப்பா புஷ், மகன் புஷ் ஒப்பீடு. அப்பா, 1990 நவம்பர் 6 தேர்தல் முடிகிறவரை வாயைத் திறக்கவில்லை, எட்டாம் தேதிதான் வளைகுடாவுக்குக் கூடுதல் படை என்றார். 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் பாலைவனத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, குவைத்தை விட்டு வெளியேற ஈராக்குக்கு ஐ.நா. கொடுத்த கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது ஓட்டு. பந்தலும் போட்டுச் சமையலும் முடிந்தபின் கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்பது மாதிரி. அப்படியும் செனட்டில் 52க்கு 47தான். மகன் நேர்மாறு. 2002 நவம்பர் 5 தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லாத அக்டோபரில் ஈராக் ஓட்டைக் கொண்டுவந்தார், தேர்தல் நேரத்தில் தேசபக்தி இல்லாதவன் என்று பெயர் வாங்க யாருக்கு தைரியம், 77க்கு 23. அன்று ஆமாம் சொன்ன ஜான் கெர்ரிக்கு 2004 அதிபர் தேர்தலிலும், ஹிலாரி கிளின்டனுக்கு 2008 வேட்பாளர் போட்டியிலும் அந்த ஓட்டு காலைச் சுற்றிய பாம்பானது. ஹிலாரியை முந்திய ஒபாமா அப்போது செனட்டிலேயே இல்லை, அந்தப் போரை ஆரம்பத்திலேயே எதிர்த்தவர். மருந்துக்கடை அக்காவின் கேள்வியை நான் அப்போதுதான் திரும்ப நினைத்தேன்.

எங்கள் பேட்சில் சொல்தா குடும்பத்துப் பெரியவர் ஒருத்தர் இருந்தார் (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம்), பிரெஞ்சுக் குடியுரிமை, ஜூலை 14 அன்று மெடல் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலை நினைவுச் சின்னத்துக்குப் போகிறவர். “எங்க பிரசிதாம் யாரையும் கேட்க வேண்டியதில்லையே” என்று ஆரம்பித்தார் (பிரசிதாம் என்றால் பிரெஞ்சு அதிபர்). முன்பு கிட்டத்தட்ட அப்படித்தான், 2008இல் பிரெஞ்சு அரசியல் சட்டத்தின் பிரிவு 35ஐத் திருத்தினார்கள் என்று சார் விளக்கினார். படை அனுப்பினால் மூன்று நாளுக்குள் நாடாளுமன்றத்துக்குச் சொல்ல வேண்டும், நாலு மாதம் தாண்டினால் ஓட்டெடுப்பு. அந்த வருடம் ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானில் ஒரே தாக்குதலில் 10 வீரர்களை இழந்து, அடுத்த மாதமே முதல் ஓட்டு. பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், நாலு மாதத்தில் எத்தனை பேர் செத்திருப்பான் என்று மட்டும் கேட்டார்.

இப்போது குறை. இந்தியாவைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார், இது எனக்குப் பொறுக்கவில்லை. நம் அரசியல் சட்டத்தில் படை அனுப்பும் முன் நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயம் இல்லை. 1987இல் இலங்கைக்கு அமைதிப்படை போனது அப்படித்தான், சுமார் 1,200 பேர் திரும்பவில்லை. 1990இல் மிச்சப் பேர் சென்னையில் வந்து இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஓட்டெடுப்பு இல்லாத ஊரில் கணக்கு இப்படித்தான் வேறு இடத்தில் தீர்க்கப்படுகிறது, இதற்கே ஒரு ஞாயிறு ஒதுக்கியிருக்கலாம். சிரியா பாடம் முடிந்ததும், பிரிட்டன் பிரதமராக இருந்த தெரேசா மே 2018இல் ஈஸ்டர் விடுமுறையில் சிரியாவில் குண்டு போட்டுவிட்டு திங்கட்கிழமை சபைக்குச் சொன்னதையும் நானே கேட்டுத்தான் வாங்கினேன்.

ஆறாவது வகுப்பு மழையில் போனது, பதில் வகுப்பும் இல்லை, பணமும் திரும்ப வரவில்லை. கேட்டதற்கு அடுத்த பேட்சில் வந்து உட்காருங்கள் என்றார். போகத்தான் போகிறேன், ஆனால் நான்காவது ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. இன்வெர்ட்டர் ஒரு ஃபேனுக்குத்தான் ஓடும், ஜன்னல் பக்கம் இடம் பிடியுங்கள். டீ நடுவில் ஒருமுறை வரும், நன்றாக இருக்கும். பைக்கை அடுத்த வீட்டு கேட் முன்னால் நிறுத்தாதீர்கள், சரியாக ஓட்டு நேரத்தில்தான் கூப்பிடுவார்கள்.