மாட்டு வண்டியா, குட்டி யானையா?

போன தை மாதம் தோட்டத்துக்கு ஒரு டயர் வண்டியும் ஒரு ஜோடி காங்கேயம் காளையும் வாங்கினேன். "ஏனுங்க, அந்தக் காசுக்குப் பழைய குட்டி யானையே கிடைச்சிருக்குமே" என்று கேட்காத ஆள் இல்லை. குட்டி யானை என்று நாங்கள் சொல்வது டாடா ஏஸ் என்கிற சின்ன சரக்கு வேனை. நியாயமான கேள்விதான். நானே மூன்று மாதம் அல்லாடிய பிறகுதான் முடிவெடுத்தேன்.

வேகத்தில் போட்டியே கிடையாது. 14 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சந்தைக்கு டாடா ஏஸ் முக்கால் டன்னை அரை மணியில் கொண்டுபோய் இறக்கிவிடும். காளைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வெயில் 37 டிகிரியைத் தாண்டினால் பகல் 12 முதல் 3 வரை மாட்டைப் பூட்டக் கூடாது என்று 1965ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. டிராக்டர் டிரெய்லர் எங்கள் இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் குறுகலான வண்டித்தடத்தில், திரும்பாது, அதை விடுங்கள்.

கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகும் என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். நான் வண்டி சும்மா நிற்கும் நாளுக்கு எவ்வளவு என்று பார்த்தேன். எரு அடிக்க, தேங்காயைக் களத்துக்குக் கொண்டுவர, சோளத்தட்டு ஏற்ற என்று எனக்கு மாதத்தில் 10 நாள்தான் பாரம், அதுவும் 2 கிலோமீட்டருக்குள். கடனில் எடுத்தால் குட்டி யானை நிழலில் நின்றாலும் தவணை நிற்காது. இன்சூரன்ஸ், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எல்லாம் தேதி தவறாமல் வந்துவிடும். காளையும் நிற்கிற நாளில் தின்னத்தான் செய்யும். ஆனால் அது தின்பது என் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், விளையும் கொழுக்கட்டைப் புல்லை. கைக்காசு போவது தவிடு, புண்ணாக்குக்கு மட்டும். எரு நிலத்துக்கே திரும்பி வருகிறது.

அப்புறம் பல். மாட்டின் வயதைப் பல்லை எண்ணித்தான் சொல்வார்கள். நான் பிடித்தது நாலு பல் ஜோடி. வண்டிக்கு நன்றாகப் பழகிவிட்டால் எட்டுப் பல் சேரும் வரை விலை ஏறுமுகம்தான். ஓட ஓட விலை ஏறுகிற வேனை நான் பார்த்ததில்லை. ஆனால் இது சந்தையில் நின்று கேட்டுப் போட்ட கணக்கு. நான் இன்னும் ஒரு ஜோடியையும் விற்றதில்லை. ஒரு காளைக்குக் கால் நொண்டினால் மொத்தக் கணக்கும் போச்சு.

லாடம் ஒரு தலைவலி. குளம்பு பிளந்திருப்பதால் காலுக்கு இரண்டு தகடு, ஜோடிக்கு 16. தார் ரோட்டில் நடந்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து லாடம் அடிக்கத் தெரிந்தவர் எங்கள் பக்கம் ஒருவர்தான். அவரைப் பிடிக்க இரண்டு வாரம் அலைந்தேன்.

வாடகைக்கு ஓட்டிப் பிழைக்க நினைப்பவர் யோசிக்காமல் குட்டி யானையை வாங்கலாம். சந்தைக்குப் போக நானே அதைத்தான் வாடகைக்குக் கூப்பிடுகிறேன். சரி, இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன மாதம் மச்சினன் கல்யாணத்துக்கு வீட்டில் எல்லோரும் முதல் நாளே கிளம்பிவிட்டார்கள். மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் கிடைக்காமல் நான் மட்டும் விடிகாலை பஸ் பிடித்து, தாலி கட்டி முடித்த பிறகு போய்ச் சேர்ந்தேன்.