மெழுகுவர்த்தியா, மண்ணடுக்கா, வேடமா? வரலாற்றுப் பூங்காவில் வீட்டுக்கல்விக் குழந்தைகள்: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் வரலாற்றுப் பூங்காக்கள் பலவும், பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே கற்கும் வீட்டுக்கல்விக் குழந்தைகளுக்கென்று தனி நாள்களை ஒதுக்குகின்றன. பெயர்கள் வேறுபட்டாலும், அந்நாள்களில் நடப்பவை பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று, பழைய கைத்தொழிலைச் செய்து பார்ப்பது. மற்றொன்று, மாதிரி அகழாய்வில் ஈடுபடுவது. மூன்றாவது, அந்தக் கால மனிதர்களாகவே பேசும் நடிகர்களோடு உரையாடுவது. எல்லாமே ‘உள்ளூர் வரலாறு’ என்ற பெயரில்தான் வருகின்றன. அந்த ‘உள்ளூர்’ எதில் உண்மையாகவே இருக்கிறது என்பதை வைத்தே நான் இவற்றை எடைபோடுகிறேன்.

குழந்தைகளை உடனே ஈர்ப்பது கைத்தொழில்தான். திரியை உருகிய மெழுகில் தோய்த்து, ஆறவிட்டு, மறுபடி தோய்த்து என்று இருபது முப்பது முறை செய்தால்தான் ஒரு மெழுகுவர்த்தி பருமனாகும். ஐந்தாவது முறையிலேயே குழந்தைக்குச் சலிப்புத் தட்டும். ஓர் இரவு வெளிச்சத்திற்குப் பின்னால் இருந்த உழைப்பை அந்தச் சலிப்பே புரியவைத்துவிடும் என்பதால் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். வர்ஜீனியாவின் கலோனியல் வில்லியம்ஸ்பர்க்கில் கொல்லர்களும் அச்சுத் தொழிலாளர்களும் பல ஆண்டுகள் பயிற்சி பெற்று அத்தொழிலையே செய்பவர்கள்; அவர்களின் பட்டறையில் நின்று பார்ப்பதற்கும் மடக்கு மேசை போட்டு நடத்தும் அரைமணி நேரச் செயல்விளக்கத்திற்கும் மிகுந்த தொலைவு உண்டு. ஆனால் இதே மெழுகுவர்த்தியை மாசசூசெட்சிலும் தோய்க்கலாம், ஒஹாயோவிலும் தோய்க்கலாம். குழந்தை ‘அந்தக் காலம்’ என்ற பொதுவான ஒன்றைத் தெரிந்துகொள்கிறதே தவிர, தான் நிற்கும் மண்ணைப் பற்றி எதையும் அறிவதில்லை. 1790-களிலிருந்து 1830-கள் வரையிலான நியூ இங்கிலாந்து (அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி) கிராம வாழ்க்கை என்று இடத்தையும் காலத்தையும் வரையறுத்துக்கொண்ட ஓல்டு ஸ்டர்பிரிட்ஜ் வில்லேஜ் போன்ற இடங்களில் இக்குறை பெரிதும் குறைகிறது.

மாதிரி அகழாய்வு மோசமாக நடத்தப்பட்டால் மற்ற இரண்டையும்விட மோசமானது. மணல் தொட்டிக்குள் நெகிழி எலும்புகளைப் புதைத்து வைத்து ‘கண்டுபிடி’ என்று குழந்தைகளை இறக்கிவிடுவது, அகழாய்வு என்றால் புதையல் வேட்டை என்ற தவறான எண்ணத்தைத்தான் விதைக்கும். நன்றாக நடத்தப்படும்போதோ இதற்கு நிகர் வேறில்லை. கட்டம் பிரித்து, அடுக்கடுக்காக மண்ணை அகற்றி, சல்லடையில் சலித்து, எந்தப் பொருள் எந்தக் கட்டத்தில் எந்த அடுக்கில் கிடைத்தது என்று எழுதச் சொல்லும் நிகழ்ச்சியில், ஒருமுறை அகற்றிய அடுக்கை மறுபடி வைக்க முடியாது என்பதைக் குழந்தை கைப்பட உணர்கிறது. வர்ஜீனியாவில் ஆங்கிலேயக் குடியேறிகள் 1607-இல் எழுப்பிய ஜேம்ஸ்டவுன் கோட்டை ஆற்றில் கரைந்துபோய்விட்டது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1994-இல் தொல்லியலாளர் வில்லியம் கெல்சோ தொடங்கிய அகழாய்வு அதைப் பொய்யாக்கியது. உளுத்துப்போன மரவேலிக் கம்பங்கள் மண்ணில் விட்டுச்சென்ற கருங்கறைகளே கோட்டை இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தன. மண்ணின் நிறமும் சான்றாகும் என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கவைக்க இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, புகையிலை பிடிக்க உதவிய களிமண் புகைக்குழாய்களை வைத்து ஓர் இடத்தின் காலத்தைக் கணிக்கும் கணக்கு. காலனிக் கால இடங்களில் உடைந்த புகைக்குழாய்த் தண்டுகள் ஏராளமாகக் கிடைக்கும். காலம் செல்லச் செல்ல அவற்றின் துளை சுருங்கிவந்தது என்பதைத் தொல்லியலாளர் ஜே. சி. ஹாரிங்டன் 1954-இல் எடுத்துக்காட்டினார். 1600-ஐ ஒட்டிய காலத்தில் 9/64 அங்குலமாக இருந்த துளை, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் 4/64 அங்குலமாகிவிட்டது. பின்னர் இன்னொரு தொல்லியலாளரான லூயிஸ் பின்ஃபோர்டு இதை ஒரு சமன்பாடாக்கினார்: துளைகளின் அளவு அங்குலத்தின் 64-இல் எத்தனை பங்கு என்ற சராசரியை 38.26-ஆல் பெருக்கி, 1931.85-இலிருந்து கழிக்க வேண்டும். சராசரி 6 என்றால் விடை ஏறத்தாழ 1702-ஆம் ஆண்டு. டிரில் பிட்டுகளைத் துளையில் நுழைத்துப் பார்த்தே குழந்தைகள் இதை அளந்துவிடலாம். ஒரே துண்டை வைத்துக்கொண்டு ஆண்டைச் சொல்லிவிட முடியாது, நிறையத் துண்டுகள் வேண்டும் என்ற எச்சரிக்கையும் சேர்ந்தே வருவதால், கணக்கோடு சான்றின் எல்லையும் புரிந்துவிடுகிறது.

வேடமிட்டுப் பேசும் வகைக்கு மாசசூசெட்சில் உள்ள பிளிமத் படுக்ஸெட் அருங்காட்சியகம் நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள ஆங்கிலேயர் குடியிருப்பில் 1620-களின் மனிதர்களாகவே பேசுவார்கள். கைப்பேசியைப் பற்றிக் கேட்டால் விழிப்பார்கள். வாம்பனோவாக் மக்களின் வாழ்விடத்திலோ பூர்வகுடியினர் வேறொருவராக நடிக்காமல் இன்றைய மனிதர்களாகவே தம் மரபை விளக்குகிறார்கள். ஒரே நாளில் இரு முறைகளையும் அடுத்தடுத்துக் காண்பது, கடந்த காலத்தை யார் எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்ற கேள்வியை எழுப்பும். ஆனால் கேள்விகளோடு வரும் பிள்ளைக்குத்தான் பதில் கிடைக்கும். கூச்ச சுபாவமுள்ளதும் சிறியதும் தாயின் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

ஐந்து வயதுத் தங்கையையும் பன்னிரண்டு வயது அண்ணனையும் ஒன்றாக அழைத்துவரும் குடும்பங்களுக்கு வயது ஒரு பெரிய சிக்கல். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு விளக்குவது பெரியோருக்கானதை நீர்க்கச் செய்வதாக இருக்கக் கூடாது, அணுகுமுறையே வேறாக இருக்க வேண்டும் என்று, வரலாற்று இடங்களைப் பார்வையாளருக்கு விளக்கும் கலையைப் பற்றி எழுதிய ஃப்ரீமன் டில்டன் 1957-லேயே வலியுறுத்தினார். ஆகவே எட்டு வயதுக்குக் கீழே மெழுகுவர்த்தி போதும். அதற்கு மேல் அகழாய்வுக்கே என் வாக்கு. வேட உரையாடலை அதற்குப் பின், கேட்பதற்குக் கேள்விகள் சேர்ந்த பிறகு, வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க வரலாற்றோடு மாநில வரலாற்றையும் கற்பித்து, ஆண்டிறுதியில் பிள்ளையின் வேலைகளைத் தொகுத்த கோப்பு ஒன்றைக் காட்ட வேண்டிய பென்சில்வேனியா பெற்றோருக்கு, பிள்ளை கைப்பட நிரப்பிய அகழாய்வுப் பதிவுத்தாள் அப்படியே சான்றாகவும் பயன்படும். முன்பதிவு செய்யும்போது, அந்தத் தாளைப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துச்செல்லலாமா என்பதைப் பூங்காவிடம் கேட்டுவிடுங்கள்; அப்படியொரு தாளே கிடையாது என்று பதில் வந்தால், அது மணல் தொட்டிதான்.