ரிசர்வைத் திறந்து பார்க்காமல் பழைய ரிக் வாங்காதீர்கள்

ஸ்கைடைவிங்கின் முதல் நிலையான ஏ உரிமம் பெற்று, வாடகைக் கருவிகளில் சில பத்துக் குதிப்புகளை முடித்து, சொந்தமாக ஒரு ரிக் (முதுகுப் பையும், அதற்குள் மெயின் என்ற முதன்மைப் பாராசூட்டும், அது பழுதானால் திறக்கும் ரிசர்வ் என்ற மாற்றுப் பாராசூட்டும் சேர்ந்த தொகுதி) வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஸ்கைடைவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான்கு மாதங்களுக்கு முன் நான் வாங்கிய பழைய ரிக், விற்றவர் சொன்ன வார்த்தைகளுக்கும் அவர் கையில் கொடுத்த காகிதங்களுக்கும் கொஞ்சமும் பொருந்தாத ஒன்று. அதை முதுகில் மாட்டிக்கொண்டு 9 முறை விமானத்திலிருந்து குதித்த பிறகுதான் எனக்கு அது தெரியவந்தது. போன பணத்தை உழைத்து மீட்டுவிடலாம். அந்த 9 குதிப்புகளை நினைக்கும்போதுதான் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

விற்றவரை நான் ஒரு பூகியில் சந்தித்தேன். குதிப்புத் தளங்களான பல டிராப் ஸோன்களிலிருந்து வந்தவர்கள் சில நாள்கள் சேர்ந்து குதித்து, மாலையில் தரையில் உட்கார்ந்து பாராசூட்டை மடித்தபடியே ஹெல்மெட்டிலிருந்து வீட்டுக் கதை வரைக்கும், விடுப்பு தராத மேலாளர் வரைக்கும் பேசித் தீர்க்கும் கூடுகை அது. அவர் 1,000 குதிப்புகளைத் தாண்டியவர். புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு வானில் கைகோக்கும் சிறிய ஃபார்மேஷன்கள் அமைத்துத் தந்தவர். முதல் நாள் விமானம் ஏறுமுன் நான் கேட்காமலேயே என் பின்னால் வந்து, மூடியைத் திறந்து, பாராசூட்டுகளைப் பூட்டியிருக்கும் ஊசிகளைப் பார்க்கும் பின் செக் செய்து, "மெயின் பின் சரி, ரிசர்வ் பின் சரி, ஏஏடி ஓடுகிறது, போய் வா தம்பி" என்று தோளில் தட்டினார். ஏஏடி என்பது நாம் இழுக்காவிட்டாலும் ரிசர்வைத் தானாகத் திறக்கும் கருவி. நம் கண்ணால் பார்க்க முடியாத நம் முதுகை இன்னொருவர் பார்த்துச் சொல்வதை நம்பித்தான் நாம் எல்லோரும் விமானத்தின் கதவருகே போகிறோம். அப்படி நாம் முதுகைக் காட்டி நின்ற ஒருவரிடம் பொருள் வாங்கும்போது சந்தேகம் எழாது. எனக்கும் எழவில்லை. இந்தப் பதிவில் நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான்.

அவர் காட்டிய ரிக் என் தேவைக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. மெயின் 190 சதுர அடி. கருவியோடு சேர்த்து என் எடை ஏறக்குறைய 190 பவுண்டு என்பதால் சதுர அடிக்கு ஒரு பவுண்டு என்ற, புதியவருக்கு ஏற்ற கணக்கு. மெயினின் லைன்களை (பாராசூட்டிலிருந்து நம்மைத் தாங்கும் கயிறுகளை) மாற்றி 100 குதிப்புகள்தான் ஆகின்றன, ரிசர்வை ஒருமுறைகூட வானில் திறந்ததில்லை, ஏஏடிக்கு இன்னும் 5 ஆண்டு ஆயுள் இருக்கிறது என்றெல்லாம் சொன்னார். ரிசர்வ் மடிப்புகளைப் பதியும் அட்டையைக் காட்டினார். அதில் 6 மடிப்புகள் மட்டுமே இருந்தன, கடைசி மடிப்பு ஒரு மாதத்துக்கு முன்பு. ஏஏடியின் தேதியும் அதே அட்டையில் எழுதியிருந்தது. கூடவே, ஒரு ரிக்கர் (பாராசூட்டுகளை மடித்துச் சோதிக்க உரிமம் பெற்றவர்) முழுவதையும் சோதித்துப் பார்த்ததாகக் கையொப்பமிட்ட ஒரு கடிதம். நான் ஏஏடியின் பொத்தானை அழுத்தினேன். திரையில் எண்கள் 10-இலிருந்து இறங்கிச் சுழியத்தில் நின்றன. சுழியத்தைக் கண்டதும் மனம் நிறைந்துவிட்டது. அந்தச் சுழியம், கருவி அந்த நேரத்தில் தன்னைத் தானே சோதித்துக்கொண்டு தேறியது என்பதைத்தான் சொல்கிறது. அது எந்த ஆண்டு செய்யப்பட்டது, அதன் பராமரிப்பு நடந்ததா என்பதைச் சொல்வதில்லை. முழுத் தொகையையும் திரும்பப் பெற வழியில்லாத முறையில் அன்றிரவே அனுப்பினேன்.

என் டிராப் ஸோனில் வழக்கப்படி அட்டையைக் கேட்டார்கள். மடிப்புத் தேதி காலக்கெடுவுக்குள் இருந்ததால் ரிக்கை ஏற்றுக்கொண்டார்கள். ரிசர்வை எத்தனை நாளுக்கு ஒருமுறை மடிக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்க விதி முன்பு 120 நாள் என்றிருந்து, 2008-இன் இறுதியிலிருந்து 180 நாளாக ஆனது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் என் அட்டை செல்லுபடியானதே. அட்டை சொன்னதை ரிக்கும் சொல்கிறதா என்று பார்க்க வேண்டிய ஆள் நான், நான் பார்க்கவில்லை.

முதல் குதிப்பிலேயே பாராசூட் பட்டென்று அடித்துத் திறந்தது. என் மடிப்பில்தான் குறை என்று எண்ணி, அடுத்த முறை, திறக்கும் வேகத்தைக் குறைக்கும் ஸ்லைடர் என்ற துணியை இன்னும் கவனமாக மேலே ஏற்றி மடித்தேன். பலன் இல்லை. ஒவ்வொரு முறையும் திறந்த கையோடு இடப்பக்கம் திரும்பியது. தரையிறங்கும்போது இரண்டு கைகளையும் முழுவதுமாக இழுத்தாலும் வேகத்தைக் குறைக்கும் ஃப்ளேர் வலுவாக வராமல், நான் முழங்காலில் விழுந்தேன். எல்லாவற்றுக்கும் என் அனுபவக் குறைவையே காரணமாக எடுத்துக்கொண்டேன். புதியவர்களிடம் பழுதான கருவியை விற்பவருக்கு இருக்கும் பெரிய வசதி இதுதான்: பழுது எங்கே என்று கேட்டால் வாங்கியவர் தன்னையே சுட்டிக்காட்டிக்கொள்வார்.

ஒன்பதாவது குதிப்பில் 4,000 அடியில், மெயினை வெளியே இழுக்கும் சிறு பைலட் சூட்டை வீசினேன். திறந்த வேகத்தில் கழுத்து முன்னே வெட்டிக்கொண்டது. பாராசூட் இடப்பக்கம் சுழல, தலைக்கு மேலே லைன்கள் கயிறு திரிப்பதுபோல் முறுக்கிக்கொண்டன. லைன்களைத் தோளோடு இணைக்கும் ரைசர் பட்டைகளை விரித்துப் பிடித்து, காலை உதைத்து முறுக்கைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஆல்டிமீட்டரைப் பார்த்தேன். என்னைப் போன்றவர்களுக்கு மெயினை விட்டுவிடுவதா என்று முடிவெடுக்க வேண்டிய உயரம் 2,500 அடி. முறுக்கின் கடைசிச் சுற்று பிரிந்தபோது முள் 2,700-இல் இருந்தது. இன்னும் 200 அடி தாமதித்திருந்தால் மெயினைக் கழற்றிவிட்டு (கட்அவே செய்து) ரிசர்வை இழுத்திருப்பேன்.

அன்று மாலையே ரிக்கை எங்கள் டிராப் ஸோன் ரிக்கரிடம் கொடுத்தேன். மெயினை மட்டும் பார்க்கச் சொல்லித்தான் கொடுத்தேன். அவர் முதலில் ரிசர்வ் மூடியைத் தூக்கினார். ரிசர்வ் பின்னின் மேல் சிவப்பு நூல் கட்டி, அதன் முனையில் ஈய முத்திரை நசுக்கப்பட்டிருக்கும். மடித்த ரிக்கருக்கென்று உள்ள குறி அதில் பதிந்திருக்கும். அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, அட்டையில் கடைசி மடிப்புக்கு எதிரே இருந்த குறியைப் பார்த்தார்; மறுபடியும் முத்திரையைப் பார்த்தார். இரண்டும் வேறு வேறு. "இதைக் கடைசியாக மடித்தவர் யார் என்று நமக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னார். அந்த முத்திரை சிறியதுதான். வாங்கிய நாளில் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்திருந்தால் அரை நிமிட வேலை.

பிறகு திறந்தார். சில தயாரிப்பாளர்கள் ரிசர்வ் துணியிலேயே சிறு கட்டங்களை அச்சிட்டிருப்பார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு கட்டத்தில், ஒவ்வொரு திறப்புக்கும் வேறொரு கட்டத்தில், ரிக்கர் பேனாவால் குறியிட வேண்டும். பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ் நிறுவனத்தின் ரிசர்வ்களில் 40 மடிப்புகளோ 25 திறப்புகளோ ஆனதும் தொழிற்சாலைக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும் என்பது விதி. அட்டை 6 மடிப்பு என்றது. துணியில் 31 கட்டங்களில் குறி இருந்தது. திறப்புக் கட்டங்களில் 3. அந்த மைக் குறிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையெழுத்தில், சில கருநீலத்தில், சில மங்கிய கறுப்பில் இருந்தன. அட்டையைப் புதிதாக எழுதியவர் துணியை அழிக்க முடியாது என்பதை மறந்திருந்தார், அல்லது நான் பார்க்கமாட்டேன் என்று சரியாகக் கணித்திருந்தார்.

ஏஏடியை வெளியே எடுத்தபோது, கன்டெய்னர் என்னும் முதுகுப் பைக்குள்ளேயே மறைந்திருந்த பகுதியில் ஒட்டியிருந்த பட்டையில் தயாரிப்புத் தேதி இருந்தது. 5 ஆண்டு இல்லை. மீதி 7 மாதம். இடையில் நடந்திருக்க வேண்டிய பராமரிப்பும் நடக்கவில்லை. இந்தக் கருவியின் வேலை என்ன என்பதை நினைத்துப் பாருங்கள். 1991-இல் ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் கொண்டுவந்த சைப்ரஸ் என்ற ஏஏடி, அனுபவமுள்ளவர்களுக்கான வகையில், ஏறக்குறைய 225 மீட்டர் உயரத்தில் நாம் இன்னும் விநாடிக்கு 35 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வைப் பூட்டியிருக்கும் லூப்பை வெட்டிவிடும். மயங்கிப்போனவருக்கும், உயரத்தை மறந்துபோனவருக்கும் மிஞ்சியிருக்கும் கடைசி உதவி அது. முதல் தலைமுறை சைப்ரஸின் ஆயுள் 12 ஆண்டும் 3 மாதமுமாக இருந்தது. 4-ஆம் ஆண்டிலும் 8-ஆம் ஆண்டிலும் தொழிற்சாலைப் பராமரிப்பு கட்டாயமாக இருந்தது. வேறு தயாரிப்புகளுக்கும் புதிய வகைகளுக்கும் கணக்கு வேறு. ஆனால் எல்லாக் கணக்கும் தொடங்குவது அந்தப் பட்டையிலுள்ள தேதியிலிருந்துதான். யாரோ அட்டையில் எழுதிய தேதியிலிருந்து அல்ல.

மெயினின் கதை இன்னும் எளியது. லைன்கள் ஸ்பெக்ட்ரா வகை. ஸ்லைடர் கீழே இறங்கும்போது அதன் வளையங்கள் உரசி உண்டாக்கும் வெப்பத்தில் ஸ்பெக்ட்ரா மெல்ல மெல்லச் சுருங்கும். வளையத்தை ஒட்டி ஓடும் வெளிப்பக்க லைன்களும் பிரேக் லைன்களும் மற்றவற்றைவிட அதிகம் சுருங்கும். ரிக்கர் லைன்களை இழுத்துக் கட்டி, தயாரிப்பாளரின் அளவுப் பட்டியலோடு ஒப்பிட்டு அளந்தார். பிரேக் லைன்கள் 5 அங்குலம் குறைவு. அதிலும் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட ஒன்றரை அங்குலம் குறைவு. என் பாராசூட் பிரேக்கை யாரோ எப்போதும் கொஞ்சம் இழுத்துப் பிடித்திருப்பதுபோல் பறந்துகொண்டிருந்தது. அடித்துத் திறந்ததற்கும், இடப்பக்கம் திரும்பியதற்கும், ஃப்ளேர் செத்துப்போனதற்கும் காரணம் அதுவே. 100 குதிப்பில் லைன் இப்படி ஆகாது என்றார் ரிக்கர்.

கட்அவே கைப்பிடியை இழுத்து மெயினைக் கழற்றிவிடும் மூன்று வளைய அமைப்பைப் பிரித்துப் பார்த்தபோது ரைசர்கள் வளைந்த இடத்திலேயே விறைத்து நின்றன. பில் பூத் 1970-களில் உருவாக்கிய அந்த அமைப்பு இன்றும் நம் எல்லோருடைய தோளிலும் இருக்கிறது. மாதம் ஒருமுறையாவது அதைப் பிரித்து, பட்டைகளை நெகிழ்த்தி, கேபிளைத் துடைக்க வேண்டும் என்று கையேடுகள் சொல்கின்றன. என் கேபிளைத் துடைத்த துணி கறுத்துப்போனது. கன்டெய்னரின் ஓரப் பட்டையைப் புரட்டியபோது உள்ளே துணி கரும்பச்சையாக இருந்தது. வெளியே அதே துணி வாடிய இலைபோல் வெளுத்திருந்தது. வெயில் நைலானைத் தின்னும் என்பது பாராசூட் மடிக்கும் எவருக்கும் தெரியும். நான் அந்த வெளுத்த நிறத்தையே அதன் இயல்பான நிறம் என்று நினைத்து வாங்கியிருந்தேன்.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். முதல் பதில் அன்பாகவே வந்தது: தனக்கும் முன்பு வைத்திருந்தவர் சொன்னதைத்தான் தான் சொன்னதாக எழுதியிருந்தார். முத்திரையையும் அட்டையையும் பற்றிக் கேட்டதும், பழைய பொருளை இருந்தபடியே விற்றேன், பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்றார்; தம்பியாக இருந்த நான் அப்போது "நீங்கள்" ஆகிவிட்டிருந்தேன். மூன்றாவது கடிதத்துக்குப் பதில் இல்லை. சோதனைக் கடிதத்தில் கையொப்பமிட்டிருந்த ரிக்கரைத் தேடினேன். அந்தப் பெயரில் உரிமம் பெற்ற ரிக்கர் யாரும் இருப்பதாக எங்கள் ரிக்கருக்குத் தெரிந்த எந்தப் பட்டியலிலும் கிடைக்கவில்லை. அதே பூகிக்கு வந்திருந்த இன்னொருவர், அந்த விற்றவரிடம் தான் வாங்கிய ஏஏடியும் தேதி கடந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். அவர் வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார். அவர் சொல்லியிருந்தால் நான் வாங்கியிருக்கமாட்டேன். அதனால்தான் நான் சொல்கிறேன்.

நியாயத்துக்காக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் தொழிற்சாலைச் சோதனையில் தேறியது. ஒரு சிறு தையலோடு திரும்பி வந்து இப்போது என் முதுகில் இருக்கிறது. மெயினுக்குப் புதிய லைன்கள் போட்ட பிறகு அது மென்மையாகத் திறக்கிறது, நேராகப் பறக்கிறது. ஏஏடி போனது போனதுதான். உடலில் மாட்டும் பட்டைகளான ஹார்னஸ் என் உடலுக்கு நீளமாக இருந்ததால் கைப்பிடிகள் விலா எலும்புக்குப் பக்கவாட்டில் சரிந்துகொண்டிருந்தன; முறுக்கோடு சுழலும்போது தேடிப் பிடிக்க வேண்டிய பொருள் அங்கே இருக்கக் கூடாது என்பதால் அதையும் வெட்டித் தைக்க வேண்டியிருந்தது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் புதிய ரிக்குக்கே ஆகியிருக்கும் செலவு.

இனி வாங்குபவர்கள் தயவுசெய்து இப்படிச் செய்யுங்கள். பணம் கொடுக்கும் முன் ரிக், நீங்கள் தேர்ந்தெடுத்த ரிக்கரின் மேசைக்குப் போக வேண்டும். விற்பவர் தேர்ந்தெடுத்த ரிக்கரின் கடிதம், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், அதற்கு ஈடாகாது. ரிசர்வைத் திறந்தால் மறுபடி மடிக்கும் கூலி வீண் என்று விற்பவர் தயங்கினால், அந்தக் கூலியை நீங்களே தருவதாகச் சொல்லுங்கள். அப்போதும் தயங்கினால் விலகிவிடுங்கள். நேர்மையாக விற்பவர்கள் பலர் பணத்தை ரிக்கரிடமோ இருவரும் நம்பும் ஒருவரிடமோ வைத்துவிட்டு, சோதனை முடிந்து கைமாறச் சம்மதிக்கிறார்கள். இது நம்மிடையே பழைய வழக்கம், கேட்பதில் அவமதிப்பு எதுவும் இல்லை. கன்டெய்னர், ரிசர்வ், மெயின், ஏஏடி நான்கின் வரிசை எண்களும் தயாரிப்புத் தேதிகளும் உள்ள பட்டைகளின் படங்களைக் கேளுங்கள். அந்த எண்களைத் தயாரிப்பாளருக்கு எழுதினால், திருடப்பட்டதாகப் புகார் உண்டா, திரும்பப் பெறும் அறிவிப்பு உண்டா என்று சொல்வார்கள். அட்டையின் படத்தை மட்டும் அனுப்பி, பட்டைகளின் படத்தை அனுப்ப நாளைக் கடத்துபவரிடம் வாங்காதீர்கள். என்னிடம் அவர் அப்படித்தான் கடத்தினார். பூகியின் கடைசி நாள் என்பதால் நான் அவசரப்பட்டேன்.

போன வாரம், நான் வாங்கிய ரிக்கை விவரித்த அதே சொற்களோடு, "லைன் மாற்றி 100 குதிப்பு, ரிசர்வ் திறந்ததே இல்லை" என்று இன்னொரு ரிக் விற்பனைக்கு வந்திருப்பதாக ஒரு நண்பர் சொன்னார். சாம்பல் நிறக் கன்டெய்னர், 210 சதுர அடி மெயின் என்று கேள்வி. இதே ஆள்தானா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதை வாங்க எண்ணுபவர் யாராவது இதைப் படித்தால், ரிசர்வ் மூடியைத் தூக்கி, ஈய முத்திரையின் குறியையும் அட்டையின் குறியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால், அடுத்த குதிப்புக்கு முன் பாருங்கள்.