மொட்டை மாடி ஒழுகலுக்கு ரசாயனப் பூச்சா, தட்டோடா?

தாம்பரத்தில் 1994-இல் கட்டிய எங்கள் வீட்டின் மொட்டை மாடி ஒழுகத் தொடங்கியபோது முதலில் பழைய ஓட்டுத் தளத்தின் மேலேயே நீர் கசியாமல் தடுக்கும் ரசாயனப் பூச்சை அடித்தேன். பூச்சு இரண்டு மழைக்காலம் இருந்தும் ஒழுகல் நிற்கவில்லை. பிறகு 2023 மார்ச்சில் பழையதைப் பெயர்த்துவிட்டு, செங்கல் ஜல்லித் தளம் போட்டுத் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு, பதித்தேன். இரண்டுக்கும் பணம் கொடுத்தவன் என்ற முறையில், என் சாய்வு தட்டோட்டின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வழியான தகரக் கொட்டகை மழையை மறைக்கும், நிழலும் தரும். ஆனால் புயல் காற்றுக்கு அதன் பிடிமானம் எப்போதும் ஒரு கவலைதான், பழுதான தளமும் அடியில் பழுதாகவே கிடக்கும்.

விலையிலும் வேகத்திலும் பூச்சுதான் வெல்லும். தரையைக் கழுவி, விரிசலை அடைத்து, இடையில் ஃபைபர் வலையை வைத்து மூன்று கோட் அடிக்க எங்களுக்கு மூன்று நாள் ஆனது. தட்டோட்டு வேலை மூன்று வாரம் இழுத்தது. செலவும் ஏறத்தாழ மூன்று மடங்கு.

ஆனாலும் என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: பழைய தளத்துக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட தண்ணீர். பூச்சு அடித்த ஆண்டில் மழை விட்டு நான்கு நாளான பிறகும் படுக்கையறை உட்கூரையில் சொட்டு நிற்கவில்லை. மேலே பூச்சு விரிசலில்லாமல் பளபளவென்று இருந்ததால், கசிவு எங்கிருந்து என்றே புரியவில்லை. கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் மூலையிலும் மழைநீர்க் குழாயின் வாயிலும் புகுந்த நீர், ஓட்டுக்கு அடியிலுள்ள ஜல்லியில் ஊறித் தேங்கியிருக்கிறது. மேலே மூடிவிட்டபடியால் வெயிலில் ஆவியாக வழியின்றி, கான்கிரீட்டின் வழியே கீழே இறங்கியிருக்கிறது. “ஊறின பஞ்சு மேல பாலிதீன் போத்தினா தண்ணி எங்க சார் போகும்?” என்று பிறகு வந்த கொத்தனார் கேட்டார். மார்ச் வெயிலில் பழைய ஓடுகளைப் பெயர்த்தபோது, அடியிலிருந்த ஜல்லி கையில் ஈரமாக ஒட்டியது. ஓடு பதிக்காத வெறும் கான்கிரீட்டின் மேல் நேரடியாகப் பூச்சு அடித்தால் நிலைமை வேறாக இருக்கலாம். அதை நான் செய்து பார்த்ததில்லை.

புதிய தளத்துக்குச் செங்கல் ஜல்லியையும் நீற்றிய சுண்ணாம்பையும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, கட்டையின் தடம் பதியாத அளவுக்கு நாள் கணக்கில் அடித்து இறுக்கினார்கள். இப்படி அடிக்கத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடிப்பதற்கே ஒரு மாதம் ஆனது. நீர் வடியும் வாட்டத்தை மட்டக்குழாய் வைத்துப் பார்த்து, மூலைகளை வளைவாகப் பூசி, அதன் பிறகே ஒன்பது அங்குல ஓடுகளைப் பதித்தார்கள். இந்தத் தளம் சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால் பழையதை அகற்றாமல் மேலே போடவே கூடாது. கம்பி வெளியே தெரியும் கூரையாக இருந்தால் பொறியாளரிடம் காட்டாமல் தொடங்கவும் கூடாது.

பராமரிப்பிலும் வேறுபாடு பெரிது. பூச்சு வெயிலில் வெளுத்து உரியும். துணி காயவைக்கும் ஸ்டாண்டின் கால் கீறினாலும் கிழியும். மறுபடி அடிப்பதற்கு உரிந்ததையெல்லாம் சுரண்ட வேண்டும். தட்டோட்டில் தேய்வது ஓடுகளுக்கு இடையிலுள்ள இணைப்புகள்தான். ஐப்பசிக்கு முன் அவற்றைப் பார்த்து, விட்டுப்போன இடங்களைச் சுரண்டி, நீர்த்தடுப்புப் பொடி கலந்த சிமெண்டால் நிரப்ப ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் போதும். வடகம் காயவைக்க மாடி திரும்பக் கிடைத்ததில் என் மனைவிக்கு இருக்கும் மகிழ்ச்சி தனிக் கணக்கு.

உட்கூரையைச் சரிசெய்வது இரண்டு வழிக்கும் பொது. பூச்சு அடித்த ஆண்டில் ஈரம் காயும் முன்பே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்ததால், பொங்கலுக்குள் அது கொப்புளித்து, கம்பி ஓடும் வழியெல்லாம் பழுப்புக் கோடு விட்டு உதிர்ந்தது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்துக் கான்கிரீட்டைத் தள்ளுவதால், மேலே எதைத் தடவினாலும் நிற்காது. இம்முறை ஒரு சதுர அடி பாலிதீனை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டு, உள்ளே நீர்த்துளி கட்டவில்லை என்று உறுதியான பிறகே தொடங்கினோம். தளர்ந்த காரையைக் கொத்தி, கம்பியை இரும்பு பிரஷ்ஷால் தேய்த்துத் துருத்தடுப்பு அடித்து, ஒட்டுத்திரவம் பூசி, பாலிமர் கலந்த கலவையால் நிரப்பி, அது இறுகியபின் பட்டி பார்த்தோம்.

2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் மழையில் படுக்கையறை நனையவில்லை. மாடித் தொட்டிக்கு நேர் கீழே உள்ள மூலையில் மட்டும் உள்ளங்கை அளவு ஓதம் இன்னும் தெரிகிறது. அது தளத்தின் குறையா தொட்டிக் குழாயின் கசிவா என்பதைக் கோடையில் தொட்டியைக் காலி செய்துதான் பார்க்க வேண்டும்.