பிரான்ஸ் கிராமப்புறத்தில் கார் இல்லாத சைக்கிள் பாதைகள்: எதைத் தேர்வது?

பிரான்சில் பத்து நாள் சைக்கிளில் சுற்ற வேண்டும் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர்கள் இரண்டு: லுவார் ஆற்றுப் பாதை, மிதி கால்வாய். இரண்டும் அழகானவைதாம். ஆனால் வண்டிகளின் தொந்தரவே இருக்கக் கூடாது, பக்கப் பைகளில் பதினைந்து கிலோ சாமான் இருக்கிறது, கூடவே ஒரு குழந்தையும் வருகிறது என்றால், இந்த இரண்டையுமே முதல் பயணத்துக்கு நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம்.

அங்கே சைக்கிள் வழிகளில் இரண்டு வகை உண்டு. ‘வேலோரூத்’ என்றால் வழிகாட்டிப் பலகைகள் நட்ட நெடுவழி. அதில் பாதி தூரம் ஊர்ச் சாலையாகவே இருக்கலாம், டிராக்டரும் காரும் வரும். ‘வுவா வெர்த்’ என்றால் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லாத தனிப் பாதை. நடப்பவரும் சைக்கிளும் வரைந்த நீலச் சதுரப் பலகை அதன் தொடக்கத்தில் நிற்கும். லுவார் பாதை கிட்டத்தட்ட 900 கி.மீ. நீளமுள்ள வேலோரூத். அதில் கணிசமான பகுதி போக்குவரத்து குறைந்த சாலைகளில்தான் போகிறது. கோட்டைகள் பார்க்க அதைவிட நல்ல வழி கிடையாது. கார் இல்லாமல் ஓட்டுவதுதான் நோக்கம் என்றால் அதை இந்த ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிடலாம். மிச்சம் நான்கு.

கரோன் கால்வாய்

எங்கள் முதல் தேர்வு இதுதான். 1856இல் முழுதாகத் திறக்கப்பட்ட இந்தக் கால்வாய் துலூஸிலிருந்து காஸ்தே-அன்-தோர்த் வரை 193 கி.மீ. ஓடுகிறது. படகுகளை ஏற்றி இறக்கும் மதகுகள் 53. அந்தக் காலத்தில் குதிரைகள் படகை இழுத்துப் போன கரை இன்று ஏறக்குறைய முழுவதும் தார் போட்ட வுவா வெர்த். 32 மி.மீ. டயர், 65 முதல் 70 பிஎஸ்ஐ காற்று, அவ்வளவுதான் தேவை. கரையோர நிழல் மரங்களான பிளேன் மரங்களின் வேர் தாரைத் தூக்கிவிட்ட இடங்கள் சில உண்டு. நிழலில் அவை கண்ணுக்குத் தெரியாது. வேகமாகப் போனால் பையின் கொக்கி கேரியரிலிருந்து எகிறிவிடும். கீழ்க் கொக்கியையும் மாட்டி வையுங்கள்.

ஆழாங்கில் கால்வாயே ஆற்றைக் கடக்கிறது: 23 வளைவுகள், 539 மீட்டர் நீளக் கற்பாலம். கீழே கரோன் ஆறு ஓட, மேலே படகு போக, படகோடு ஒட்டிய மேடையில் நாம் போகலாம். மேடை குறுகல், எதிரில் ஆள் வந்தால் இறங்கித் தள்ளுவதுதான் மரியாதை. பாலத்தின் மேற்கு முனையில் நான்கு மதகுகள் படிபோல அடுத்தடுத்து இறங்குகின்றன. மொவாசாக்கில் கால்வாய் ஊருக்கு நடுவிலேயே போகிறது. அங்குள்ள மடாலயத்தின் தூண் முற்றம் 1100ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அரை நாள் ஒதுக்கிப் பார்க்கலாம்.

குறை என்றால் சலிப்பு. நேர்கோட்டில் இருபது கி.மீ. போகும் இடங்கள் உண்டு. அதைச் சரிக்கட்ட, போர்தோவிலிருந்து தொடங்குங்கள். 1937இல் தூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற ரோஜே லபெபியின் பெயர் கொண்ட பழைய ரயில் தடம், திராட்சைத் தோட்டங்களுக்கிடையே 50 கி.மீ.க்கு மேல் சோவ்தெர்-த-கியென் வரை போகிறது. அங்கிருந்து கால்வாயைப் பிடிக்கும் வரை சுமார் 20 கி.மீ. மேடு பள்ளமான ஊர்ச் சாலை. இந்த வழியில் கார்களோடு ஓட்ட வேண்டிய முக்கியமான துண்டு இதுதான். குழந்தையோடு போகிறவர்கள் இதைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

இந்தப் பாதையை முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணம் ரயில். லா ரெயோல், மார்மாந்த், ஆழாங், மொவாசாக், மோந்தோபான் என்று கரையை ஒட்டியே நிலையங்கள். முட்டி வலித்தாலும் மழை பிடித்தாலும் அன்றைக்கே ஏறிவிடலாம்.

மிதி கால்வாய்

பியேர்-போல் ரிக்கே 1666க்கும் 1681க்கும் இடையில் வெட்டிய கால்வாய். 240 கி.மீ. நீளம். 1996இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. துலூஸிலிருந்து முதல் 50 கி.மீ. அளவுக்கு அருமையான தார்ப் பாதை. அதை நம்பி மெல்லிய டயரோடு போகிறவர்கள் ஓத் மாவட்ட எல்லையில் மாட்டிக்கொள்கிறார்கள். அதற்கப்பால் செப்பனிட்ட துண்டுகள் இருந்தாலும், நெடுந்தூரம் மண் தடம்தான். ஒரே ஆள் அகலம், ஒரு பக்கம் தண்ணீர், குறுக்கே வேர். வேரில் மோதும்போது டயர் நசுங்கி, ட்யூப் ரிம்முக்கும் வேருக்கும் இடையில் சிக்கி, பாம்பு கடித்த மாதிரி இரட்டை ஓட்டை விழும். சாமான் ஏற்றிய சைக்கிளில் பின் சக்கரத்துக்குத்தான் இது அடிக்கடி வரும். 40 மி.மீ.க்குக் குறையாத டயர், முன்னே 40, பின்னே 50 பிஎஸ்ஐ, இரண்டு மாற்று ட்யூப்: இவை இல்லாமல் காஸ்தெல்நோதாரியைத் தாண்ட வேண்டாம். மழை பெய்தால் களிமண் மட்கார்டுக்குள் அடைத்துச் சக்கரமே சுற்றாது. பக்கத்து ஊர்ச் சாலைக்கு ஏறிவிடுங்கள். ஒரு நாளைக்கு 40 கி.மீ.க்கு மேல் திட்டமிடாதீர்கள்.

நிழல் விஷயமும் மாறிவிட்டது. கரையில் சுமார் 42,000 பிளேன் மரங்கள் இருந்தன. 2006இல் ஒரு பூஞ்சை நோய் கண்டறியப்பட்டது. மருந்து கிடையாது, மரத்தின் காயம் வழியாகவும் தண்ணீர் வழியாகவும் பரவுகிறது. நோய் கண்ட மரங்களை வெட்டி எரிக்கிறார்கள், வேறு இனக் கன்றுகளை நடுகிறார்கள். கார்கசோனுக்குக் கிழக்கே பழைய படங்களில் பார்த்த பச்சைக் குகை பல இடங்களில் இப்போது மொட்டை வெயில். ஜூலை, ஆகஸ்டில் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். மரத்தில் சைக்கிளைச் சங்கிலியால் கட்டாதீர்கள், தூளி கட்டாதீர்கள். பட்டையில் விழும் சிறு கீறலும் அந்த நோய்க்கு வாசல்தான்.

காற்றுக்காக மேற்கிலிருந்து கிழக்கே போவது லாபம். கார்கசோன் பக்கம் ‘செர்ஸ்’ என்ற வடமேற்குக் காற்று முதுகில் தள்ளும். துலூஸுக்கும் காஸ்தெல்நோதாரிக்கும் நடுவே மட்டும் ‘ஓத்தான்’ என்ற தென்கிழக்குக் காற்று எதிர்த்து அடிக்கலாம். அடித்தால் நாள் கணக்கில் அடிக்கும். பெசியே ஊர் ஃபோன்செரான் மதகுப் படிக்கட்டைத் தாண்டிய பிறகு பாதை மறுபடி நன்றாகிறது. ஆக்தில் கடலைத் தொட்டு, மணல் திட்டு வழியே செத் வரை நல்ல சைக்கிள் பாதை இருக்கிறது.

அனுபவமுள்ள இருவர், குறைந்த சாமான், மே அல்லது செப்டம்பர் மாதம் என்றால் இது மறக்க முடியாத வழி. குழந்தை இழுவண்டியோடு துலூஸுக்குக் கிழக்கே வெகுதூரம் போக வேண்டாம்.

நாந்த்–ப்ரெஸ்த் கால்வாய்

நான்கில் அழகு எது என்று கேட்டால் பிரெத்தானி மாநிலத்தின் இந்த 364 கி.மீ. கால்வாய்தான். மதகுக்கு மதகு சிறு வீடு, ஜோஸ்லென் கோட்டையின் மூன்று கோபுரங்கள் தண்ணீரில் நிழல் விழ நிற்பது, கோடையிலும் பச்சை. சைக்கிளுக்குத் தோதான பகுதி கார்ஹேயிலிருந்து நாந்த் வரை. நடுவே கெர்லெதான் அணை கால்வாயை அறுத்துவிட்டது. 17 மதகுகள் ஏரிக்கு அடியில் கிடக்கின்றன. அங்கே பழைய ரயில் தடத்துக்கு மாற வேண்டும்.

தரை இறுக்கிய மணல். காய்ந்திருந்தால் 35 மி.மீ. டயரில் சுகமாக ஓடும். மழையில் அந்த மணல் குழம்பாகிச் செயினிலும் பிரேக் கட்டையிலும் அப்பிக்கொண்டு உப்புத்தாள்போலத் தேய்க்கும். தினமும் மாலையில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள். ரிம் பிரேக் என்றால் ஒரு ஜோடி மாற்றுக் கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கால்வாய் என்றால் சமதளம் என்று நினைத்து வருகிறவர்களுக்கு ரொஹானுக்கும் போந்திவிக்கும் நடுவே 25 கி.மீ.க்குள் 50க்கும் மேற்பட்ட மதகுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மீட்டர் குட்டை ஏற்றம், கியரை முன்கூட்டியே இறக்கிவிட வேண்டும். குளிர்காலத்தில் மலெத்ருவா, ரெதோன் பக்கம் ஆறு பொங்கிப் பாதை முழுகிவிடும்.

நடுப்பகுதியில் பயணிகள் ரயில் இல்லை. கார்ஹேக்குக் கெங்காம்பிலிருந்து சிறு ரயில், அப்புறம் ரெதோன்தான். கால்வாய் எர்த்ர் ஆற்றில் கலந்த பிறகு நாந்த் நகருக்குள் நுழையும் கடைசிப் பகுதி சாலைகளில் போகிறது.

பர்கண்டி

மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் இங்கே போங்கள். ஜிவ்ரியிலிருந்து க்ளுனி வரை 44 கி.மீ. பழைய ரயில் தடம் 1997இல் பிரான்சின் முதல் வுவா வெர்த் ஆனது. நல்ல தார், ரயிலுக்கேற்ற மெல்லிய சரிவு, பியூக்சி, கோர்மாத்தென் என்று அடுத்தடுத்து ஊர்கள். க்ளுனியைத் தாண்டினால் புவா க்ளேர் குகைப் பாதை, 1.6 கி.மீ. நீளம். உள்ளே விளக்கு உண்டு, ஆனாலும் சொந்த விளக்கும் ஒரு மேல்சட்டையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வெளியே வெயிலில் வேர்த்துவிட்டு நுழைந்தால் குளிர் வெட்டும். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காகக் குகையை மூடிவிடுவார்கள். அப்போது கணவாய்ச் சாலையில் ஏறித்தான் மாக்கோன் போக வேண்டும். திரும்பும்போது சோன் ஆற்றங்கரையாக ஷாலோன் வந்தால் ஒரு சுற்று முடியும். இடையிடையே ஊர்ச் சாலை வரும். பாரிஸ்–திஜோன்–லியோன் வழித்தட டிஇஆர் (மாநில அளவில் ஓடும் பயணிகள் ரயில்) ஷாலோனிலும் மாக்கோனிலும் நிற்கிறது.

எல்லா வழிக்கும் பொது

மோட்டார் சைக்கிள் நுழையாதிருக்க, சாலை குறுக்கிடும் இடங்களில் தடுப்புகள் நட்டிருப்பார்கள். இரட்டைச் சக்கர இழுவண்டி சில இடங்களில் நுழையாது, கழற்றித் தூக்க வேண்டிவரும். ஒற்றைச் சக்கர இழுவண்டி தேவலாம். 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம், பின்னால் உட்கார்ந்து வந்தாலும். காதில் இயர்போன் யாருக்கும் கூடாது.

கிராமக் கடைகள் மதியம் மூடிவிடும். ஞாயிறு மதியமும் திங்களும் பல ஊர்களில் எதுவும் கிடைக்காது, சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் குழாய் இருக்கும். ‘நோன் பொத்தாப்ல்’ (குடிக்க உகந்ததல்ல) என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள்.

டிஇஆரில் சைக்கிளுக்கு இடம் உண்டு, கோடையில் சில மாநிலங்களில் முன்பதிவு வேண்டும். போர்தோ–மார்செய் இன்டர்சிட்டி ரயில் கரோன், மிதி இரண்டு கால்வாய்களையும் ஒட்டியே போகிறது. அதில் சைக்கிளுக்குக் கட்டணத்தோடு முன்பதிவு கட்டாயம். சைக்கிளை மாட்டும் கொக்கிகள் சிலதான் என்பதால் கோடைப் பயணத்துக்குத் தங்குமிடத்தைவிட முதலில் இதைப் போட்டுவிடுங்கள்.