'டில்ட்' தொடர்: இருபத்தெட்டு ஆடுகிறவர்கள் பார்க்க வேண்டிய போக்கர் மேசை

கன்னியாகுமரி மாவட்டத்தில் சீட்டுக்கட்டு இல்லாத வீடு குறைவு. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி காய்கறி வெட்டு நடக்கிற பந்தலில், ஒரு மூலையில் பாய் விரித்து இருபத்தெட்டோ ரம்மியோ ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பழக்கத்தோடு 'டில்ட்' பார்க்க உட்கார்ந்தால், மேசையைச் சுற்றி இருக்கிற ஆட்களை உடனே அடையாளம் தெரிந்துவிடும். சீட்டுதான் குழப்பும்.

அமெரிக்க விளையாட்டுச் சேனலான ஈஎஸ்பிஎன் 2005-ல் ஒளிபரப்பிய தொடர் இது. மொத்தம் 9 பகுதிகள்தான். உருவாக்கியவர்கள் பிரையன் கோப்பல்மன், டேவிட் லெவீன். லாஸ் வேகாஸில் டான் எவரெஸ்ட் என்றொரு பெரிய ஆட்டக்காரன், பட்டப்பெயர் 'மேட்டடோர்'. அவன் ஜெயிப்பது திறமையால் மட்டும் இல்லை, கள்ளக்களியும் உண்டு. அவனைக் கவிழ்க்க மூன்று இளம் ஆட்டக்காரர்கள் கைகோக்கிறார்கள். இன்னொரு பக்கம், சகோதரனுக்காகக் கணக்குத் தீர்க்க ஒரு போலீஸ்காரர் வருகிறார்.

ஒரு விளையாட்டுச் சேனல் ஏன் சூதாட்டக் கதை எடுத்தது என்றால், காரணம் 2003. அந்த வருடம் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் முதன்மைப் போட்டியில் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர், இணையத் தகுதிச் சுற்று வழியாக உள்ளே வந்து, 839 பேரில் முதலாவதாகி 25 லட்சம் டாலர் வாங்கினார். அடுத்த வருடமே போட்டியாளர்கள் 2,576. கவிழ்த்து வைத்த சீட்டைக் கேமரா வழியே வீட்டில் இருப்பவர் பார்க்க முடிந்ததும் கூட்டம் கூடியது. அந்தச் சூட்டில் பிறந்த தொடர் இது.

இனி சீட்டு. இருபத்தெட்டில் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ராஜா ராணிக்குப் புள்ளியே இல்லை. ஜாக்கியும் ஒன்பதும் கையில் வந்தால் தைரியமாக ஏலம் ஏற்றுவோம். போக்கரில் அதே ஜாக்கி-ஒன்பது நடுத்தரக் கை. அங்கே ஏஸ் உச்சம், அப்புறம் ராஜா, ராணி, ஜாக்கி. இதை மனதில் தலைகீழாக்கிக்கொள்ளாவிட்டால் முதல் இரண்டு பகுதியிலும் யார் ஏன் முகம் மாறுகிறார்கள் என்றே பிடிபடாது.

ஆட்டத்தின் பெயர் ஹோல்டெம். ஜோக்கர் இல்லாத 52 சீட்டு. ஆளுக்கு இரண்டு கவிழ்த்து வைப்பார்கள். மேசை நடுவில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று என ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும். ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. நடுவில் திறப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் மேல் சீட்டு ஒன்றைப் பார்க்காமல் ஒதுக்குவார்கள். கட்டின் மேல் சீட்டில் யாராவது அடையாளம் போட்டிருந்தால் அது பயன்படக் கூடாது என்பதற்குத்தான். பத்துப் பேர் மேசையில் 20, பொதுவில் 5, ஒதுக்கியது 3; ஆக வெளியே வருவது சரியாக 28 சீட்டு!

ஒவ்வொரு திறப்புக்கும் முன்னும் பின்னும் பந்தயம். ரம்மியில் ஸ்கூட் அடிப்பது போல எந்தச் சுற்றிலும் கையைப் போட்டுவிடலாம். நல்ல ஆட்டக்காரன் ஏன் பெரும்பாலும் போட்டுவிடுகிறான் என்பதற்கு ஒரு கணக்கு. உங்கள் கையில் இரண்டு ஆட்டின், நடுவில் இரண்டு ஆட்டின். நாலு சீட்டு திறந்தாயிற்று. ஐந்தாவதாக இன்னொரு ஆட்டின் வந்தால் ஃப்ளஷ், அதாவது ஐந்தும் ஒரே இனமான பெரிய கை. பார்க்காத சீட்டு 46, அதில் ஆட்டின் 9. ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. குவியலில் 1,000 இருக்கிறது, எதிராளி 500 போடுகிறான் என்றால் 1,500-ஐ எடுக்க நீங்கள் 500 கட்ட வேண்டும். நாலு தடவைக்கு ஒரு தடவையாவது ஜெயித்தால்தான் கட்டுப்படியாகும். இங்கே ஆகாது, ஸ்கூட் அடிப்பதுதான் சரி. இந்தக் கணக்கு தெரிந்த பிறகும் காசு போடுகிறவனைப் பற்றியதுதான் தொடர்.

அந்த நிலைக்குப் பெயர் டில்ட். பின்பால் இயந்திரத்தைப் பிடித்து உலுக்கினால் அது 'டில்ட்' என்று காட்டி நின்றுவிடும். சொல் அங்கிருந்து வந்தது. நாஞ்சில் நாட்டில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: வெப்ராளம். தோற்ற காசை அடுத்த கையிலேயே எடுத்துவிட வேண்டும் என்று மூளை கலங்கி ஆடுவது. எவரெஸ்ட்டின் பட்டப்பெயரும் இதில்தான் அடங்கியிருக்கிறது. மேட்டடோர் என்றால் துணியை ஆட்டிக் காளையை வெறியேற்றுகிறவன். 2025 ஜூலையில் காலமான மைக்கேல் மேட்சன் இந்தப் பாத்திரத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். கரகரத்த அந்தக் குரலும் அவசரமில்லாத பார்வையுமே போதும், எதிரே இருப்பவனுக்கு வெப்ராளம் வர.

தொடரின் பலம் கூட்டுச் சதி. இருபத்தெட்டில் எதிரெதிரே உட்காரும் கூட்டாளிகள் கண்ணாடை காட்டினால் அது கள்ளக்களி. போக்கரிலோ எல்லோரும் தனித்தனி என்பதுதான் விதி, அதனால் ரகசியக் கூட்டாளி இன்னும் ஆபத்தானவன். முறை இது: இரைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவன் பந்தயத்தை ஏற்றுவான், மற்றவன் அதற்கு மேல் ஏற்றுவான்; நடுவில் இருப்பவன் சுமாரான கையோடு ரம்பத்தில் மாட்டிய கட்டை மாதிரி இரண்டு பக்கமும் அறுபடுவான். பெரிய கை ஒருவனிடம்தான் இருக்கும். மற்றவனிடம் ஒன்றுமே இருக்காது, குவியல் வீங்கிய பிறகு ஸ்கூட் அடித்துவிடுவான். பிடிபடுவதும் அங்கேதான். அவ்வளவு ஏற்றியவன், இன்னும் கொஞ்சம் கட்டினால் போதும் என்ற இடத்தில் ஏன் கையைப் போட்டான்? காசினோவின் மேல்மாடிக் கேமரா அறையில் தேடுவது இந்த ஒழுங்கைத்தான்.

குறை என்றால், பழிவாங்கும் இழைகள் கூடக்கூட மேசை பின்னுக்குப் போகிறது. பெரிய கைகள் மோதுவதும் நாடகத்துக்காகத்தான். கையில் இரண்டு ஏஸ் வருவதே சராசரியாக 221 கைக்கு ஒரு தடவை. உண்மையான ராத்திரி ஆட்டம் மணிக்கணக்கில் ஸ்கூட்டிலேயே கழியும். வசனம் ஆங்கிலத்தில் வேகமாக ஓடுகிறது. வசன எழுத்தைப் போட்டுக்கொண்டு பாருங்கள்.

பார்த்த கையோடு போனில் காசு கட்டி ஆட நினைக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடு பார்க்காமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. போக்கரும் அதில் அடக்கம்.

நேரம் இருந்தால் முதல் பகுதியை இரண்டாவது தடவை பாருங்கள். இந்த முறை சீட்டைக் கவனிக்க வேண்டாம். யார் ஏற்றியபோது யார் ஸ்கூட் அடித்தார்கள் என்று மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள்.