ஹார்ட்கோர் கேக்குறவங்களுக்கு பேண்ட்கேம்ப் தேறுமா?

கபர், ஹார்ட்கோர், ஃப்ரெஞ்ச்கோர், அப்டெம்போ, டெரர்னு பல பேர்ல, நிமிஷத்துக்கு 160 பீட்ல (பிபிஎம்) ஆரம்பிச்சு 250 தாண்டி ஓடுற எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்க ஃபாலோ பண்றவங்களுக்கு இருக்குற பெரிய தலவலி என்னன்னா, எல்லாம் ஒரே எடத்துல கெடைக்காது. புது ட்ராக் ஒரு பக்கம், டிஜே செட் ஒரு பக்கம், பார்ட்டி எங்க எப்பங்குறது இன்னொரு பக்கம். பெரிய ஸ்ட்ரீமிங் ஆப்ப நம்பி உக்காந்தா ஒரு அப்டெம்போ ட்ராக் கேட்ட பாவத்துக்கு ஊர்ல உள்ள பழைய பாப் பாட்டுக்கெல்லாம் கிக் (டம் டம்னு அடிக்குற பேஸ் டிரம்) போட்டு வேகமாக்குன ரீமிக்ஸா வந்து கொட்டும், மூணு நாள் கழிச்சு காதும் போயிரும் ஆசையும் போயிரும். அதனால காசு குடுத்து வாங்குற எடமா, புதுசு என்ன வந்துருக்குன்னு பாக்குற எடமா நான் ரொம்ப நாளா வச்சிருக்குறது பேண்ட்கேம்ப்தான். அத பத்திதான் இந்த ரிவ்யூ. கூடவே அது தொட முடியாத எடத்துக்கு வேற என்ன வேணும்னும் சொல்லிடுறேன்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 2008ல ஆரம்பிச்ச சைட், ஆர்ட்டிஸ்டோ லேபிளோ (ட்ராக் வெளியிடுற கம்பெனி) நேரடியா கடை போட்டு விக்கும், நம்ம முழு ட்ராக்கையும் கேட்டுப் பாத்துட்டு புடிச்சா வாங்கிக்கலாம். வாங்குனா தரம் கொறையாத ஃபிளாக், வேவ், சுருக்குன எம்பி3னு எந்த ஃபார்மட்ல வேணும்னாலும் எறக்கிக்கலாம், ஆப்லயும் கேட்டுக்கலாம். டிஜிட்டல் விக்கிறதுல கம்பெனி 15 சதவீதம் எடுத்துக்கும். ஃபார்மட் விஷயம் ஏதோ ஆடியோ பைத்தியம் புடிச்சவன் பேச்சுன்னு நெனைக்காதீங்க, இந்த மியூசிக்ல கிக்கே டிஸ்டார்ஷன்தான், 909 டிரம் மெஷினோட கிக்க எடுத்து ஓவர்லோட் பண்ணி பண்ணி செஞ்ச சத்தம், அத மட்டமா கம்ப்ரெஸ் பண்ண ஃபைல்ல கேட்டா எது ப்ரொட்யூசர் வேணும்னே போட்ட கரகரப்பு எது ஃபைலோட கரகரப்புன்னே புரியாது.

எனக்கு இதுல ரொம்ப புடிச்சது ஃபாலோ பட்டன். அதுலயும் ஆர்ட்டிஸ்ட்ட விட லேபிள ஃபாலோ பண்றதுதான் இங்க கணக்கு. இது இன்னைக்கு நேத்து பழக்கம் இல்ல, ஹார்ட்கோர் மொதல்லேருந்தே லேபிள சுத்தியே வளந்த மியூசிக். ராட்டர்டாம்ல மிட்-டவுன் ரெக்கார்ட்ஸ்னு ரெக்கார்ட் கடை இருந்துச்சு, அங்க வேல பாத்த பால் எல்ஸ்டாக் 1992ல ராட்டர்டாம் ரெக்கார்ட்ஸ ஆரம்பிச்சாரு, கபருங்குற பேரே ஊருக்கெல்லாம் பரவுனது அந்த காலத்துலதான். அட்லாண்டிக்குக்கு அந்தாண்ட ப்ரூக்ளின்ல லென்னி டீ அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே இண்டஸ்ட்ரியல் ஸ்ட்ரெங்த்த ஆரம்பிச்சுட்டாரு, அந்த லேபிளோட மொத ரிலீஸே ஃப்ராங்ஃபர்ட்டோட மார்க் அகார்டிபானே பண்ண ட்ராக். இந்த மியூசிக்ல ஒரே ஆளு பத்து புனைபேர்ல ட்ராக் போடுவான், பேர வச்சு தேடுனா ஒன்னும் சிக்காது. லேபிள புடிச்சா அத்தன பேரும் சிக்கிருவாங்க. பேண்ட்கேம்ப்ல லேபிள ஃபாலோ பண்ணா புது ரிலீஸ் வந்த அன்னைக்கே மெயில் வந்துரும், அல்காரிதம் கில்காரிதம் எதுவும் நடுவுல நின்னு ஃபில்டர் பண்ணாது.

ராட்டர்டாமோட பிஆர்எஸ்பிசிடி, பாரிஸோட கேஷுவல் கபர்ஸ், இத்தாலிக்காரர் கபர் எலகான்சாவோட நெவர் ஸ்லீப், நியூயார்க் பக்கத்து கில்போர்ன், இவங்கள ஃபாலோ பண்ணி வச்சாலே ஆறு மாசத்துக்கு காது சும்மா இருக்காது. கொஞ்சம் எல்ல தாண்டி போகணும்னா உகாண்டாவோட ந்யேகே ந்யேகே டேப்ஸ் பாருங்க. தான்சானியாவோட தார் எஸ் சலாம்ல செய்யுற சிங்கேலி மியூசிக்க அவங்கதான் வெளிய கொண்டு வந்தாங்க, 2017ல வந்த சிஸ்ஸோ ஸ்டூடியோ கம்பைலேஷன கேட்டா ஐரோப்பாக்காரன் வேகம்னு சொல்றதெல்லாம் என்னடா வேகம்னு தோணும். அத கபர்னு யாரும் கூப்ட மாட்டாங்க, ஆனா ஹார்ட்கோர் செட்டுக்குள்ள அழகா போய் உக்காந்துரும்.

அடுத்தது மத்தவங்க கலெக்ஷன். எந்த ஆல்பம் பேஜ்லயும் கீழ அத வாங்குனவங்க படம் வரிசையா இருக்கும், ஒருத்தர க்ளிக் பண்ணா அவரு வாங்குனது மொத்தமும் கண்ணு முன்னாடி. என்ன மாதிரியே ஒரு மூலையில கெடக்குற ஃப்ளாஷ்கோர் (இதுலயே ஒரு சின்ன கிளை) ஆல்பத்துக்கு காசு குடுத்த இன்னொரு ஆளு வேற என்ன வாங்கிருக்கான்னு பாக்குறத விட நல்ல சிபாரிசு எந்த மெஷினும் தராது. ராத்திரி பதினோரு மணிக்கு இத ஆரம்பிக்காதீங்க, மறுநாள் மீட்டிங்ல தூங்குவீங்க.

இப்ப கொறைங்க. டேக் போடுறது ஆர்ட்டிஸ்ட் இஷ்டம், அதனால ஹார்ட்கோர்னு டேக்க போட்டு தேடுனா கித்தார் வச்சு கத்துற பங்க் பேண்ட்தான் முக்கால்வாசி வரும், கபர்னு தேடுனா பரவால்ல, அதுலயும் சம்பந்தமில்லாத காமெடி ஆல்பம்லாம் கலந்து கெடக்கும். ரெண்டாவது, பெரிய மேடையில ஆடுற சரக்கு இங்க கொறவு. ஆங்கர்ஃபிஸ்ட் மாதிரி பெரிய டச்சு ஹார்ட்கோர் ஆளுங்க, மாஸ்டர்ஸ் ஆஃப் ஹார்ட்கோர்னு பெரிய பார்ட்டியும் லேபிளும் நடத்துறவங்க பக்கத்து ரிலீஸெல்லாம் வேணும்னா ஹார்ட்ட்யூன்ஸ் மாதிரி இதுக்குன்னே இருக்குற கடைக்குதான் போகணும். மூணாவது, ஐரோப்பால இருந்தா வெலைக்கு மேல வாட் வரி ஏறும், நெதர்லாந்துல 21 சதவீதம், செக்அவுட்ல வந்துதான் தெரியும். சின்ன தொகைதான், பத்து ஆல்பம் சேரும்போது கடுப்பாகும்.

நாலாவது கொஞ்சம் கவலையான விஷயம். கம்பெனிய 2022ல எபிக் கேம்ஸ் வாங்குச்சு, வீடியோ கேம்காரனுக்கு இது எதுக்குன்னு யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள 2023ல சாங்ட்ராடர்னு ஒரு மியூசிக் லைசென்ஸிங் கம்பெனிக்கு கைமாறிருச்சு, அதோட ஊழியர்கள்ல பாதி பேருக்கு வேல போச்சு. சைட் இன்னும் நல்லாதான் ஓடுது, ஆனா வாங்குன ஃபைல அன்னைக்கே ஹார்ட் டிஸ்க்ல எறக்கி வச்சுக்கங்கன்னுதான் சொல்லுவேன். நல்லதுன்னா, 2020 மார்ச்ல கொரோனா நேரத்துல ஆரம்பிச்ச பேண்ட்கேம்ப் ஃப்ரைடே இன்னும் இருக்கு, அந்த நாள்ல கம்பெனி தன் பங்க விட்டுக் குடுத்துரும். லேபிள்காரங்களும் அன்னைக்குன்னு பாத்து ரிலீஸ் போடுவாங்க, விஷ்லிஸ்ட்ல சேத்து வச்சுட்டு அன்னைக்கு மொத்தமா வாங்கிக்கங்க.

டிஜே செட்டுக்கு பேண்ட்கேம்ப் சுத்தமா ஆகாது, அது அடுத்தவன் ட்ராக்க கலந்து போடுற எடமே இல்ல. அதுக்கு சவுண்ட்க்ளவுட்தான். அதோட உண்மையான மதிப்பு அலை மாதிரி ஓடுற வேவ்ஃபார்ம் மேல நேரம் பாத்து விழுற கமெண்டுலதான் இருக்கு, 43வது நிமிஷத்துல ஒருத்தன் ஐடி ப்ளீஸ்னு, அதாவது இது என்ன ட்ராக்னு சொல்லுங்கன்னு கெஞ்சுவான், கீழ இன்னொருத்தன் வந்து ட்ராக் பேர போடுவான், இல்லன்னா இன்னும் ரிலீஸே ஆகலன்னு வெறுப்பேத்துவான். அந்த பேர எடுத்து பேண்ட்கேம்ப்ல தேடுறதுதான் நான் ட்ராக் புடிக்கிற வழி. வீடியோவா வேணும்னா யூட்யூப்ல பெர்லினோட ஹோர் சேனல், டைல்ஸ் ஒட்டுன பாத்ரூம் மாதிரி ஒரு சின்ன ரூம்ல ஒத்த ஆளு நின்னு வாசிப்பாங்க. எல்லா ஸ்டைலும் வரும், ஹார்ட்கோர் ஆளுங்கள தேடிப் புடிக்கணும்.

ஈவென்ட்டுக்கு வருவோம். நான் இருக்குறது நெதர்லாந்தோட ஐண்ட்ஹோவன், சிப் மெஷின் கம்பெனிய நம்பி வந்த நம்மாளுங்க இங்க நெறய பேர், ஆனா ஊருக்கு பக்கத்துல ஏர்செல்ல ஏரிக்கரையில டாமினேட்டர்னு ஹார்ட்கோர் ஃபெஸ்டிவல் நடக்குறது அதுல பாதி பேருக்கு தெரியாது. டென் பாஸ்ச் ஊரு ப்ராபன்ட்ஹாலன் அரங்கம், மாஸ்டர்ஸ் ஆஃப் ஹார்ட்கோரோட வீடு, ரயில்ல இருவது நிமிஷம். 1992ல ஹேரன்ஃபேன் ஊரு ஐஸ் ஸ்கேட்டிங் ஸ்டேடியத்துல ஆரம்பிச்ச தண்டர்டோம் பார்ட்டி இப்ப உட்ரெக்ட்டுக்கு வருது. இந்த பெருசுங்க தேதி எப்படியும் காதுக்கு வந்துரும், முந்நூறு பேர் நிக்குற சின்ன க்ளப் நைட்ட புடிக்கதான் பார்ட்டிஃப்ளாக் வேணும். டச்சு சைட், பாக்க பழைய காலத்து சைட் மாதிரிதான் இருக்கும், ஆனா எந்த டிஜே எங்க எப்ப வாசிச்சாரு, அடுத்து எங்க வாசிக்கப் போறாருன்னு வருஷக்கணக்கா சேத்து வச்சிருக்காங்க. பேண்ட்கேம்ப்ல ஒரு புது பேரு புடிச்சுப் போனா ஒடனே இங்க வந்து போட்டுப் பாப்பேன்.

டிக்கெட் முடிஞ்சு போச்சுன்னா ஃபேஸ்புக் கமெண்ட்ல கூவுறவன்கிட்ட வாங்காதீங்க, டிக்கெட்ட மறுபடி விக்குற சைட்டான டிக்கெட்ஸ்வாப்ல தேடுங்க. அங்க அசல் வெலைக்கு மேல 20 சதவீதம்தான் உச்சவரம்பு, செக்யூர்ஸ்வாப் போட்ட டிக்கெட்டா இருந்தா பழைய பார்கோட கேன்சல் பண்ணி உங்க பேர்ல புதுசு குடுப்பாங்க, ரெண்டு பேருக்கு ஒரே டிக்கெட்ட விக்குற வேல நடக்காது. அலர்ட் போட்டு வச்சா மெசேஜ் வரும், வந்த ஒடனே அமுக்கணும், டீ போட்டுட்டு வர்றேன்னு போனா போச்சு. மிச்ச காசுக்கு ஒரு நல்ல இயர்ப்ளக் வாங்கிருங்க, வாசல்ல விக்குற ஸ்பாஞ்ச் வேணாம், ஃபில்டர் வச்சது.